ஒரே வண்டிக்கு இரண்டாவது கம்ப்ரஸர்

சேலத்தில் கார் ஏசி கெட்டுப்போனது வழக்கமாக மார்ச் மாதத்தில்தான் தெரியவரும். ஐந்து ரோட்டு நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போடுவோம், வெறும் காற்று வரும், அப்போதுதான் ஐயையோ என்போம். எனக்குத் தெரிந்தது கார்த்திகை மாதத்தில், அதுவும் ஏற்காட்டில். சாயங்காலம் ஏரிப் பக்கத்திலிருந்து இறங்கக் கிளம்பினோம். மூடுபனி. முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டது. அந்த நேரத்துக்கு ஏசி குளிருக்காக அல்ல, ஈரத்துக்காக வேண்டும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் காயில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராக்கி வண்டிக்கு அடியில் சொட்டவிடும், காய்ந்த காற்றுதான் கண்ணாடியைத் துடைக்கும். பட்டனை அமுக்கினேன். லைட் எரிந்தது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை என்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று ஒட்டும் சத்தமும் வந்தது. அதன் பின்னாலேயே கரகரவென்று ஓர் அரைப்புச் சத்தம். கண்ணாடி தெளியவே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் என் மனைவி துண்டால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே இறக்கிவைத்தாள். அடிவாரம் செக்போஸ்ட் வந்த பிறகுதான் இருவரும் பேசிக்கொண்டோம்.

இதில் என்ன பெரிய விஷயம், பழைய வண்டி, கம்ப்ரஸர் போயிருக்கும் என்று தோன்றலாம். விஷயமே அதுதான். அந்தக் கம்ப்ரஸர் பழசு இல்லை. அதே வருஷம் சித்திரையில்தான் ஒரு பட்டறையில் புதிதாக மாட்டியிருந்தோம். தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: டூப்ளிகேட் மாட்டியிருப்பான். என்னால் அதை ஏற்கமுடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியை வாங்கி வந்ததே நான்தான். கம்பெனி ஏஜென்சியில் பில்லோடு வாங்கியது. என் கண் முன்னால்தான் பிரித்தார்கள், என் கண் முன்னால்தான் மாட்டினார்கள். நல்ல பொருள், மாட்டியவரும் கைத்தொழில் தெரிந்தவர், பிறகு ஏன் எட்டு மாசத்தைக்கூடத் தாண்டவில்லை? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், ஆனால் பல் இடுக்கில் சிக்கிய பாக்குத் துணுக்காக உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் பட்டறையில் கொடுத்தால் இரண்டாவது முறையும் ஒரு கம்ப்ரஸர் கிடைக்கும், பதில் கிடைக்காது. வீட்டிலேயே கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தது அதனால்தான். காசு மிச்சம் பிடிக்க அல்ல. (காசு மிச்சமும் ஆகவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல

எங்கள் வீடு விசைத்தறி ஓடிய வீடு. ஸ்பானரும் கிரீஸும் புதிதில்லை. ஆனால் ஏசி என்பது வேறு உலகம். பெல்ட், போல்ட் வரை நம் கைக்கு அடங்கும். உள்ளே ஓடும் கேஸ் அடங்காது. அதற்கு அம்மாப்பேட்டையில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஃபிரிட்ஜ், கோல்ட் ஸ்டோரேஜ், லாரி கேபின் ஏசி என்று வாழ்நாள் முழுக்கக் குழாய் பற்றவைத்தே முடி நரைத்தவர். "அண்ணா, வண்டியை வீட்டுலயே கழட்டலாம்னு இருக்கேன், கேஸ் வேலைக்கு மட்டும் வரமுடியுமா?" என்று கேட்டேன். "கழட்டறதுக்கு முன்னாடி கூப்பிடு தம்பி, கழட்டிட்டுக் கூப்பிடாத" என்றார்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தார். முதல் வேலையாக அழுத்தம் காட்டும் மேனிஃபோல்டு கேஜை மாட்டி, இருக்கிற கேஸைத் தன் சிலிண்டருக்கு இழுத்துக்கொண்டார். பெரும்பாலான பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. வால்வின் ஊசியை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கி 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுவார்கள். நானும் பலமுறை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். பழைய வண்டிகளில் இருந்த ஆர்12 கேஸ் ஓசோனைத் தின்னும், எங்கள் வண்டியில் ஓடும் இந்த ஆர்134ஏ தின்னாது, அது உண்மை. ஆனால் சூட்டைப் பிடித்துவைப்பதில் ஒரு கிலோ ஆர்134ஏ, கார்பன் டை ஆக்சைடில் 1430 கிலோவுக்குச் சமம். சின்ன காரில் 400 கிராம் என்று வைத்தாலும் 572 கிலோ. கிட்டத்தட்ட 250 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு, அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கும் 2016 கிகாலி உடன்பாட்டை 2021இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனால் ஸ்க்ரூடிரைவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஊர் நன்மையை விடுங்கள், நம் கைக்கும் அது நல்லதில்லை. வெளியே வந்ததும் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது, விரலில் பட்டால் தோல் வெந்ததுபோல உரியும், கண்ணில் பட்டால் கதை முடிந்தது.

இழுத்த கேஸைத் தராசில் வைத்தார். பானட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் எடையில் பாதி தேறியது. "மீதி எங்க போச்சு?" என்றேன். "அத நீதான் சொல்லணும், உன் வண்டி" என்று சிரித்தார். இங்கேதான் நம் ஊரின் ஒரு பெரிய மூடநம்பிக்கை இருக்கிறது. ஒவ்வொரு கோடைக்கும் 'கேஸ் போடணும்' என்கிறோம், ஏதோ வருஷத்துக்கு ஒருமுறை தீர்கிற சமையல் சிலிண்டர் மாதிரி. காரின் ஏசி மூடிய வட்டம். அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வரும். ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். பாதி குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஓட்டையில் கேஸ் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. கம்ப்ரஸருக்குத் தனி ஆயில் சம்ப் கிடையாது, அதற்கு வேண்டிய ஆயில் கேஸோடு கலந்தேதான் ஊர்சுற்றி வருகிறது. கசிகிற இடத்தில் ஆயிலும் கூடவே கசியும். அதனால்தான் லீக் ஆன ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருக்கும். ஆயிலைப் பற்றிப் பேசாமல் கேஸை மட்டும் நிரப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு டாப்-அப்பும் கம்ப்ரஸரை இன்னும் கொஞ்சம் வறட்டுகிறது. கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்ச்சைத் தடுத்துவிடும், அது கம்பெனிக்காரன் வைத்த காவல். அந்த சுவிட்சுக்கு ஒயர் போட்டு நேராக இணைத்து 'ஓடுதா பாக்கலாம்' என்று ஓட்டிக்காட்டும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

வெள்ளைத் துணி

கேஸ் வெளியேறிய பிறகு மற்றது சாதாரண வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்று, வண்டியை ஜாக்கி வைத்து ஸ்டாண்டில் நிறுத்து, அடித்தட்டை எடு, பெல்ட் டென்ஷனைத் தளர்த்து. கிளட்ச் ஒயரின் பிளக்கை உருவு. பிறகு இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு போல்ட். இதில் அவசரப்பட்டால் அலுமினியத்துக்குள் போல்ட் முறிந்து உட்கார்ந்துகொள்ளும், எனவே முந்தின ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவைத்திருந்தேன்.

தடித்த குழாய் சக்‌ஷன். அதன் வழியாகக் குளிர்ந்த கேஸ் கம்ப்ரஸருக்குள் வரும். மெல்லியது டிஸ்சார்ஜ், சூடாக அழுத்தப்பட்ட கேஸ் அதன் வழியாக, அதை ஆறவைத்துத் திரவமாக்கும் முன்பக்கக் கண்டென்சருக்குப் போகும். சக்‌ஷனைக் கழற்றியபோது விசேஷம் ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜைக் கழற்றியதும் அண்ணன், "இரு, தொடாத" என்றார். பையிலிருந்து பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து விரலில் சுற்றி, குழாயின் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். வெயிலில் நீட்டினார். நல்ல ஏசி ஆயில் தண்ணீர் போல, மிஞ்சினால் லேசான மஞ்சளாக இருக்கும். துணியில் இருந்தது சாம்பல் நிறக் குழம்பு. அசைத்தால் அதற்குள் பொடிப்பொடியாக மினுக்கியது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் பாலிஷ் போட்ட பிறகு கழுவும் தண்ணீர் இப்படித்தான் இருக்கும், வெள்ளிப்பொடி மிதக்க. அதையாவது வடிகட்டி எடுத்து உருக்கிக் காசாக்குவார்கள். இது அலுமினியம். கம்ப்ரஸர் தன்னைத் தானே அரைத்துத் துப்பியது.

"இதுல பாதி இந்தக் கம்ப்ரஸரோடது இல்ல தம்பி" என்றார் அண்ணன். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் டிஸ்சார்ஜ் குழாயை விட்டுவிட்டு, முன்பக்கம் குனிந்து, கண்டென்சரின் நுழைவாயைக் கழற்றச் சொன்னார். துணியை அங்கேயும் விட்டார். அங்கே குழம்பு இல்லை, கெட்டியாகக் காய்ந்து கறுத்த களிம்பு. பழசு. போன சித்திரையில் கழற்றிப் போட்ட பழைய கம்ப்ரஸர் சாகும்போது துப்பியது. அன்றைக்குப் புதுக் கம்ப்ரஸரை மாட்டினார்கள், கண்டென்சரை அப்படியே விட்டார்கள். உள்ளே படிந்திருந்த பொடி புது ஆயிலில் கரைந்து, வட்டமெல்லாம் சுற்றி, புதியவனின் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து அரைத்திருக்கிறது. அரைத்ததில் இன்னும் பொடி. அந்தப் பொடி இன்னும் அரைக்கும். இதோடு ஆயில் குறைவும் சேர்ந்துகொண்டது. கழற்றிய கம்ப்ரஸரைக் கவிழ்த்தபோது இருமல் மருந்து மூடியில் பாதிகூட வரவில்லை. சின்ன வண்டிகளில் மொத்தச் சுற்றுக்குமே நூறு மில்லிக்கு முன்பின்னாகத்தான் ஆயில், அதில் நல்ல பங்கு கம்ப்ரஸரில் இருந்திருக்கவேண்டும்.

பொடியைக் கழுவி எடுத்துவிடலாமே என்று கேட்டேன். பழைய காலத்துக் கண்டென்சர் என்றால் ஒரே நீளக் குழாய் பாம்பாக வளைந்து வளைந்து போகும், ஃபிளஷ் விட்டால் மறுபக்கம் வந்துவிடும். இப்போது வருபவை பேரலல் ஃப்ளோ. தட்டையான குழாய்கள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றுக்குள்ளும் மயிர்க்கால் அளவு துவாரங்கள். நாலு துவாரம் அடைத்தால் ஃபிளஷ் திரவம் மற்றத் துவாரங்கள் வழியாகச் சுகமாகப் போய்விடும், அடைத்தது அடைத்தபடியே கிடக்கும். அதைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். பல வண்டிகளில் ஈரம் உறிஞ்சும் டிரையரும் அந்தக் கண்டென்சரின் பக்கவாட்டுக் குழாய்க்குள்ளேயே பையாக இருக்கிறது, எங்கள் வண்டியிலும் அப்படித்தான். எவாப்பரேட்டருக்குள் திரவத்தை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரமும் பொடியால் அடைபடும், அதுவும் புதிது. குழாய்களையும் எவாப்பரேட்டரையும் மட்டும் ஃபிளஷ் செய்து நைட்ரஜனால் ஊதிக் காயவைக்கலாம்.

பட்டறைக்காரர் மேல் அந்த நிமிஷம் கோபம் வந்தது உண்மை. இன்றைக்கு யோசித்தால் கோபத்தில் பாதி என் மேலேயே திருப்பிவிடலாம் போலிருக்கிறது, ஆனால் அது முழு உண்மை ஆகாது. கண்டென்சர் மாற்றவேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு கதை.

முக்கால் மணி நேர வேக்கம்

பாகங்கள் வந்து சேர அடுத்த ஞாயிறு ஆனது. அதுவரை திறந்த வாய்களையெல்லாம் பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு மூடியிருந்தோம். கம்ப்ரஸருக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் குடிக்கும், டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. ஈரம் உள்ளே போனால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். ஜாயிண்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைப் புதிதாக, அதே ஆயிலைத் தடவி மாட்டினோம், பழையதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பப் போடவில்லை. புதுக் கம்ப்ரஸருக்குள் கம்பெனியே ஆயில் ஊற்றி அனுப்புகிறது. மற்ற எல்லாவற்றையும் கழுவிவிட்டதால் மொத்த அளவுக்கு வரும்படி மீதியை அளந்து சேர்த்தார் அண்ணன். மாட்டுவதற்கு முன் கிளட்ச்சின் நடுத்தட்டைக் கையாலேயே பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார். சிலிண்டரில் தேங்கியிருக்கும் ஆயில் வெளியே வரட்டும், எடுத்த எடுப்பில் திரவத்தை அழுத்தப் போனால் வால்வு உடையும் என்று.

மாட்டி முடித்ததும் முதலில் கேஸ் இல்லை, நைட்ரஜன். ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று வெல்டிங் கடை ஆக்சிஜனை ஏற்றிப் பார்க்கும் யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து வேண்டாம். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் வெடிக்கும். கேஜ் ஊசி அசையாமல் நின்ற நேரத்தில் என் மனைவி தட்டுவடை செட் வாங்கி வந்தாள். பீட்ரூட் துருவலும் கார சட்னியும் கையில் ஒழுக, பானட்டுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒரு ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அசையவில்லை.

பிறகு வேக்கம். நான் மிகவும் தவறாகப் புரிந்துவைத்திருந்த விஷயம் இது என்றே சொல்லலாம், பட்டறைகளும் அதற்கேற்றபடிதான் செய்கின்றன. பம்ப்பைப் போட்டு ஊசி கீழே போனதும் நிறுத்திவிடுவார்கள், ஐந்து பத்து நிமிஷம். காற்றை எடுக்க அது போதும். ஈரத்தை எடுக்கப் போதாது. வேக்கம் போடுவதே உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக இழுப்பதற்காகத்தான். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலை இறங்கும். ஏற்காட்டு உயரத்திலேயே தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும், அதனால்தான் மேலே பருப்பு வேகத் தாமதமாகிறது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்கவேண்டுமானால் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து சுமார் 32க்கு இறங்கவேண்டும். அதற்கும் கீழே இறக்கி, அங்கேயே வைத்திருந்து, மெதுவாக ஆவியாக நேரம் கொடுக்கவேண்டும். குளிர்ந்த ஊரைவிட நம் சேலத்து வெயில் இதற்கு உதவி. இன்னொன்றும் சொன்னார் அண்ணன். சேலத்தில் கேஜ் ஊசி 29 அங்குலப் பாதரசம் வரை இறங்கும். அதே பம்ப்பை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் 25க்கு மேல் காட்டாது. மேலே காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். அங்கே ஒருமுறை எஸ்டேட் வண்டிக்கு வேலை செய்யப் போய், பம்ப் கெட்டுவிட்டதென்று அதன் ஆயிலை மாற்றி மாற்றிப் பார்த்ததைச் சொல்லிச் சிரித்தார்.

முக்கால் மணி நேரம் பம்ப் ஓடியது. அணைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஊசி ஏறுகிறதா என்று பார்த்தோம். ஒரு மெக்கானிக் ஷாப்பில் வாசலில் நாலு வண்டி நிற்கும்போது இந்த நேரத்தை யார் கொடுப்பார்கள்? வீட்டில் செய்ததில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வசதி இந்த முக்கால் மணி நேரம்தான். தொழில்நுணுக்கமெல்லாம் பட்டறையில்தான் அதிகம். ஆனால் அங்கே சும்மா நிற்கிற வண்டிக்கு யாரும் கூலி தருவதில்லை.

கேஸை அழுத்தம் பார்த்துப் போடாமல் சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கர் சொன்ன எடைக்கு நிறுத்திப் போட்டார். அதிகமானாலும் குளிராது, அதுவும் பலருக்குத் தெரிவதில்லை. என்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸருக்குள் வரும் லோ பக்கம் 35 பிஎஸ்ஐக்கு வந்து நின்றது, வெளியேறும் ஹை பக்கம் 200ஐ ஒட்டி. வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 8 டிகிரிக்கு இறங்கியது. வெளியே 32.

இப்போது செலவுக் கணக்கு. கம்ப்ரஸர், கண்டென்சர், வால்வு, ஆயில், ஃபிளஷ், நைட்ரஜன், அண்ணன் வாங்க மறுத்து நான் பாக்கெட்டில் திணித்த கூலி எல்லாம் சேர்த்து, போன சித்திரையில் பட்டறைக்குக் கொடுத்ததைவிட நல்லாவே கூட. 'வீட்டிலேயே செய்து பாதி பணம் மிச்சம்' என்று வீடியோ போடுபவர்கள் கண்டென்சரை மாற்றாதவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

பங்குனி கடைசியில் அந்தப் பட்டறைப் பக்கம் போனேன், சண்டைக்கு அல்ல, வேறொரு வேலையாக. வாசலில் வழக்கம்போல பானட் திறந்த வண்டிகள். ஓனர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏசி எப்படி சார் இருக்கு?" என்றார். விவரத்தைச் சொன்னேன், கண்டென்சர் துணியில் வந்த களிம்பு வரை. அவர் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "கண்டென்சரையும் சேத்து மாத்தணும்னு சொன்னா, பத்து பேர்ல எட்டு பேர் வண்டிய எடுத்துட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சார். அவன் கம்ப்ரஸர் மட்டும் போதும்பான். நீங்க இருந்திருப்பீங்களா?" என்றார்.

"சொல்லியாவது பாத்திருக்கலாம்ல?" என்றேன்.

"இனிமே சொல்றேன்" என்றவர், மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார், தன் கூலியையும் லாபத்தையும் அதன் மேல் வைத்துப் பார்த்திருப்பார் போல. பக்கத்தில் காத்திருந்த வெள்ளை வண்டிக்காரரிடம் திரும்பி, "அண்ணா, உங்க கம்ப்ரஸர் போயிருக்கு. கூடவே கண்டென்சரும் மாத்தணும்" என்றார். அந்த அண்ணன் உடனே கேட்டார்: "கண்டென்சர் மாத்தாம எவ்வளவு ஆகும்?"